முப்பத்துநான்காம் பகுதிக்கு ஏழாவது வாக்கு

அந்த முடிதிருத்தும் கடைக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அன்று மாலை நான்கு மணிக்குக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவிடுவார். கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கும் தொலைக்காட்சியில் நாங்கள் ஏழு பேர் ‘ஏழாம் வளையம்’ பார்ப்போம். திரும்பி வர இயலாத தூரத்துக்கு ஒரு விண்கலத்தில் இருபது பேர் போகிற கதை அது. வாரம் ஒரு பகுதிதான். பார்த்து முடித்ததும் விவாதம்.

விவாதத்துக்கு இரண்டு விதிகள் உண்டு. இரண்டும் என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. முதலாவது, பேசுகிறவர் நடுவிலுள்ள சுழல் நாற்காலியில் உட்கார வேண்டும்; அவர் எழும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது. அடுத்தது, ஒரு பகுதியைப் பற்றிய தீர்ப்பு பெரும்பான்மை வாக்கால் எழுதப்படாதவரை அதற்கடுத்த பகுதியைப் போடக் கூடாது. முதல் விதியை யாரும் மதித்ததில்லை. இரண்டாவதை யாரும் மீறியதில்லை. முப்பத்துமூன்று பகுதிகள் முப்பத்துமூன்று வாரங்களில் முடிந்தன. முப்பத்துநான்காம் பகுதியில் நான்கு வாரம் சிக்கிக்கொண்டோம்.

அதில் நடந்தது இவ்வளவுதான். கலத்தின் காற்றுக் குழாய் ஒன்று வெடிக்கிறது. எல்லா அறைகளிலும் காற்று குறைகிறது. காற்றுக்குப் பொறுப்பான பெண் மூன்றாம் அறைக்குப் போகும் வால்வை மூடிவிடுகிறாள். கசிவு நிற்கிறது. பத்தொன்பது பேர் பிழைக்கிறார்கள். மூன்றாம் அறையில் தூங்கிக்கொண்டிருந்த வரைபடக்காரக் கிழவர் எழுந்திருக்கவில்லை. அவள் செய்தது கடமையா, கொலையா என்பதுதான் வழக்கு.

கடைக்காரர், தையற்கடைக்காரர், கைபேசி உறை விற்கும் இளைஞர் ஆகிய மூவரும் கடமை என்றார்கள். கணக்கு டீச்சரும், தையற்கடைக்காரரின் மனைவியும், நானும் கொலை என்றோம். ஏழாவது வாக்கு ‘வால்வு அண்ணன்’ என்று நாங்கள் அழைக்கும் ஒருவருடையது. அவர் வாக்களிக்க மறுத்தார்.

அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. ஊரின் பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், நோயாளிகளுக்குக் குழாய் வழியே ஆக்சிஜன் அனுப்பும் அறையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். இரண்டு வரிசை சிலிண்டர்கள், சுவர் நிறைய அழுத்தமானிகள், ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு பதிவேடு. அந்த அறையின் தட்டுமுட்டு அவ்வளவே. எந்த அழுத்தமானியையும் விரல் நகத்தால் இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் அதன் முள்ளை நம்புவார். அந்தப் பழக்கத்தில் கடைக்காரரின் சுவர்க் கடிகாரத்தையும் தட்டிப் பார்த்திருக்கிறார். கைபேசி உறை விற்கும் இளைஞர் அவருடைய மனைவியின் தம்பி. எங்கள் கூட்டத்துக்கு அவரை அழைத்து வந்ததும் அந்த மச்சினன்தான். தொடரில் குழாய் ‘புஸ்’ஸென்று இரையும்போதெல்லாம் அவர் சிரிப்பார். “காத்து இவ்வளவு சத்தமாப் போச்சுன்னா அங்க கேக்கறதுக்கு ஆள் இருக்காதுப்பா” என்பார். அதைத் தவிர அதிகம் பேச மாட்டார்.

அவர் ஏன் வாக்களிக்கவில்லை என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆயினும் வாசகருக்கு அதை இங்கேயே சொல்லிவிடுவதுதான் முறை.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல், இரண்டாம் மாடிக்குப் போகும் குழாயில் ஓர் இணைப்பு விட்டுப்போயிற்று. கட்டடம் முழுவதும் அழுத்தம் இறங்கியது. அந்த நேரத்தில் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் இரண்டு மேசைகளிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர் இரண்டாம் மாடியைத் தொலைபேசியில் அழைத்து, ஆக்சிஜன் லைனை மூடப்போவதாகவும் எல்லோருக்கும் சிலிண்டர் வைக்கும்படியும் சொன்னார். மூன்று பத்துக்கு வால்வை மூடினார். இணைப்பைச் சரிசெய்து மூன்று பதினாறுக்குத் திறந்தார். இரண்டு நேரத்தையும் பதிவேட்டில் எழுதினார். மறுநாள் இரண்டாம் மாடியின் குழாய்களைச் சோதிக்கப் போனபோது, மேசைமேல் விரித்திருந்த வார்டுப் பதிவேடு கண்ணில் பட்டது. ஒன்பதாம் படுக்கை, இறப்பு, மூன்று பதினான்கு.

யாரிடமும் அவர் எதுவும் கேட்கவில்லை. நிர்வாகம் அவருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தது. மனைவி அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். அவர் அதைக் கருவிப் பெட்டியின் அடியில், குறடுகளுக்குக் கீழே வைத்துவிட்டார். கணவருக்குத் தற்பெருமை பிடிக்காது என்று அந்த அம்மாள் அன்றுவரை உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மனிதனைத் தாம் கொன்றோமா இல்லையா என்ற கேள்வியுடன் பதினொரு ஆண்டுகளாக அதே வால்வுக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்தவர், நாற்காலியில் ஏறிக் கடமை என்றும் சொல்ல முடியாமல், கொலை என்றும் சொல்ல முடியாமல் தவித்திருக்கிறார். எங்களுக்கோ அவர் பிகு பண்ணுவதாகத் தோன்றியது.

நான்காம் வாரம் கடைக்காரரின் அக்காவும் வந்திருந்தார். அதே மருத்துவமனையில் செவிலியராக இருந்து இரண்டு மாதம் முன்பு ஓய்வுபெற்றவர். தம்பி வீட்டுக்குக் குடிவந்தவருக்குப் பொழுது போகவில்லை. வாக்கு இல்லாத பார்வையாளர் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். வால்வு அண்ணனை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. அடித்தளத்து ஆட்கள் மாடிக்குத் தொலைபேசிக் குரல்களாகவே இருந்தார்கள்.

அன்று விவாதம் மச்சினனிடமிருந்து தொடங்கியது.

“இருபது பேர்ல பத்தொம்போது பேர் பொழச்சாச்சு. இதுல என்ன டீச்சர் பஞ்சாயத்து?”

“அந்த இருபதாவது ஆளு நீயா இருந்தா இப்படிப் பேசுவியா?” என்றார் டீச்சர்.

“நானா இருந்தா முன்னாடியே எந்திரிச்சிருப்பேன். பட்டப்பகல்ல தூங்கினது அந்தாளு தப்பு.”

“விண்கலத்துல ஏதுடா பட்டப்பகல்?” என்றார் கடைக்காரர். அவர் மச்சினனின் கட்சிதான் என்றாலும் பிழையைப் பொறுக்காதவர்.

“தூங்கினா சாகணும்னா எங்க வீட்டுக்காரர் எப்பவோ போயிருக்கணும்” என்றார் தையற்கடை அம்மாள்.

“கேட்டுக்கங்க. மூணு வாரமா வீட்லயும் இதே கச்சேரிதான்” என்று தையற்கடைக்காரர் எங்கள் எல்லோரிடமும் முறையிட்டார்.

டீச்சர் கையில் ஒரு தாளுடன் சுழல் நாற்காலியில் ஏறினார். கடைக்காரர் வழக்கம்போல் மிதிகட்டையை மிதித்து நாற்காலியை உயர்த்தினார். டீச்சர் எங்கள் தலைகளுக்கு மேலே போனார்.

“இறக்குங்க. நான் விளையாட வரல. இந்தப் பகுதியை நாலு தடவை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். திரையில மூலையில ஒரு கடிகாரம் ஓடுது. யாராவது கவனிச்சீங்களா? அவ வால்வை மூடும்போது பதினாலு மணி ஆறு. அந்தப் பெரியவர் நாடி நிக்கும்போது பதினாலு ஒம்போது. நடுவுல மூணே நிமிஷம். முன்னாடி அவருக்கு நாடி இருந்துச்சு, மூடினப்புறம் இல்ல. கடமை, தியாகம்னு என்ன பேர் வேணா வைங்க. கணக்குப்படி அவ கொன்னுருக்கா. அவ்வளவுதான்.”

எங்கள் அணி கைதட்டியது. நானும் தட்டினேன் என்பதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

வால்வு அண்ணன் எழுந்தார். மடக்கு நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்தார்.

“நான் வரேன்பா. இனிமே என்னை எதிர்பாக்காதீங்க. என் பேரை அடிச்சிட்டு ஆறு பேராப் பாத்துக்கங்க.”

“மாமா! என்ன மாமா இது, டிவி கதைக்குப் போய்க் கோவிச்சுக்கிட்டு?” என்று மச்சினன் ஷட்டருக்கு முன்னால் போய் நின்றான்.

“கோவம் இல்லடா. வழி விடு.”

“அண்ணே, நான் உங்களை ஏதாவது சொல்லிட்டேனா?” என்றார் டீச்சர், நாற்காலியிலிருந்து இறங்காமலே.

“நீங்க சரியாத்தான் சொன்னீங்க டீச்சர். அவளுக்கு மூணு நிமிஷம். எனக்கு நாலு.”

யாருக்கும் புரியவில்லை. அவர் நின்றபடியே சொன்னார். பதிவேட்டில் எழுதியதைப் படிப்பது போல நேரங்களை மட்டும் சொன்னார். மூன்று பத்து. மூன்று பதினாறு. நடுவில் ஒன்பதாம் படுக்கை, மூன்று பதினான்கு. அவர் சொல்லி முடிக்கும்வரை, எழுதப்பட்ட நாளிலிருந்து முதல் முறையாக, எங்கள் முதல் விதியின் பிற்பாதி காக்கப்பட்டது.

கடைக்காரரின் அக்காதான் பேசினார்.

“எந்த வார்டு? ரெண்டாம் மாடி ஆம்பளைங்க வார்டா?”

“ஆமாம்மா.”

“லைனை மூடறேன், சிலிண்டர் வைங்கன்னு போன்ல கத்தினது நீங்கதானா? போனை எடுத்தது நான்தான்.”

வால்வு அண்ணன் சுவரில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மாள் நேரே வந்து அவர் எதிரில் நின்றார்.

“ஒன்பதாம் பெட்டுக்காரர் போனது ரெண்டே முக்காலுக்கு. நீங்க போன் பண்றதுக்கு முன்னாடியே.”

“இல்லம்மா. மூணு பதினாலுன்னு நானே கண்ணால பாத்தேன். எழுதியிருந்துச்சு.”

“எழுதியிருக்கும். டாக்டர் வந்து கைபிடிச்சுப் பாத்து முடிஞ்சுதுன்னு சொல்ற நேரத்தைத்தானே நாங்க எழுதுவோம்? மூச்சு நின்ன நேரத்தை நர்ஸா போட முடியும்? டாக்டர் கீழ ஆபரேஷன்ல இருந்தார். அவர் மேல வர மூணு பதினாலு ஆச்சு. அதுவரைக்கும் என் கணக்குல அவர் போனவர், பதிவேட்டுக் கணக்குல இருந்தவர்.”

“உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?” அவர் குரல் மிகவும் தணிந்திருந்தது.

“மறக்கற நாளா அது? வார்டுல ஆறு பேருக்கு ஆக்சிஜன் போயிட்டிருந்துச்சு. என் கையில இருந்தது அஞ்சு சிலிண்டர். நீங்க போன் பண்ணினதும் சிலிண்டரை மாத்தி மாத்தி எண்ணறேன், யாருக்கு இல்லன்னு சொல்லுவேன்னு. அப்பறம்தான் உறைச்சுது. ஒன்பதாம் பெட்டுக்கு இனிமே வேணாம். மாஸ்கை நானே கழட்டியாச்சு, சுவத்துக் குழாயை நானே மூடியாச்சு. நீங்க வால்வை மூடினப்போ அந்தக் குழாயில காத்தே போகல. மிச்ச அஞ்சு பேரும் நல்லபடியா வீட்டுக்குப் போனாங்க. ‘ரெண்டு நாற்பத்தஞ்சு, நாடி இல்லை, டாக்டருக்குச் சொல்லியாச்சு’ன்னு கேஸ் சீட்டுல என் கையெழுத்து இருக்கும். வேணும்னா ரெக்கார்டு ரூம்ல போய்ப் பாருங்க.”

வால்வு அண்ணன் சுவரோரம் திரும்பினார். மடித்து வைத்த நாற்காலியைத் தலைகீழாக விரிக்கப் பார்த்தார். டீச்சர் அவசரமாக இறங்கி, அவரைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு நெடுநேரம் மூச்சு விட்டார். தோள்கள் மெல்ல இறங்குவதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

“பதினோரு வருஷமா?” என்றார் அந்த அம்மாள். இப்போது அவருக்குக் கோபம் வந்திருந்தது. “கீழ இருந்து மேல வர எத்தனை படி? ஏங்க, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னுதான்” என்றார் அவர்.

கடைக்காரர் தலை துவட்டும் துண்டு ஒன்றைக் கொடுத்தார். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைக்காரர் போட்டு வந்த தேநீரைக் குடித்தார். டீச்சர் தம் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டார். “நான் அந்த டிவிக்காரியைத்தான் அண்ணே சொன்னேன்” என்று அவர் மூன்று முறை சொன்னது குறிப்பேட்டில் இருக்கிறது.

“மாமா, அப்ப நம்ம ஓட்டு கடமைதானே?” மச்சினன் மெல்ல ஆரம்பித்தான். “நாலுக்கு மூணு. எழுதிடலாமா?”

அண்ணன் தம்ளரைக் கண்ணாடி முன்னால் வைத்தார்.

“யாருடா சொன்னா கடமைன்னு? அவ போன் பண்ணினாளா?”

“என்னது?”

“மூணாம் ரூமுக்கு அவ ஒரு போன் பண்ணினாளாங்கறேன். பக்கத்துலயே பேசற கருவி இருக்கு, போன பகுதியில அதுல சிரிச்சு சிரிச்சுப் பேசிட்டிருந்தா. ‘லைனை மூடறேன், எந்திரிச்சு வெளிய வாங்க’ன்னு ஒரு வார்த்தை. அஞ்சு செகண்டு ஆகுமா? சொல்லாம வால்வைத் தொடவே கூடாதுடா. எங்க ரூம்ல புதுசா வர்றவனுக்கு மொத நாள் சொல்லிக்குடுக்கறதே அதுதான். மூடினது தப்பில்ல. மூடித்தான் ஆகணும், வேற வழியே இல்ல. சொல்லாம மூடினா பாரு, அதுக்கு மன்னிப்பே கிடையாது. என் ஓட்டு டீச்சருக்கு!”

நான்கு வாரமாக அடைத்திருந்த பேச்சு மொத்தமும் கொட்டியது. குழாயின் தடிமன் தப்பு, வால்வு திரும்பும் திசை தப்பு, அவ்வளவு பெரிய கலத்துக்கு ஒரே ஆளை வைத்திருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு என்று இருபது நிமிடம் பேசினார். யாராவது குறுக்கிட்டால் கையை உயர்த்தி அடக்கினார். மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“வாயத் தொறக்க மாட்டாரான்னு ஏங்கினேன். தொறந்து என் கட்சியையே கவுத்துட்டாரே!”

கொலை, நான்குக்கு மூன்று என்று தீர்ப்பு எழுதினேன். முப்பத்தைந்தாம் பகுதியைப் போட நேரமில்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

அதற்குப் பின் நடந்ததை மச்சினன் சொல்லக் கேட்டு எழுதுகிறேன். வீடுவரை இருவரும் நடந்தே போயிருக்கிறார்கள். வழியில் அண்ணன் ஒரு பழக்கடை முன்னால் நின்று எதுவும் வாங்காமல் சிரித்தாராம். வாசலுக்கு வந்ததும் மச்சினனின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“உங்க அக்காகிட்ட நீ எதுவும் உளறாத. நான் சொல்லிக்கறேன்.”

“அவளுக்கே தெரியாதா?” மச்சினன் அங்கேயே நின்றுவிட்டான்.

கதவைத் திறந்த அக்கா, கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். “என்ன, ஒரு வழியா ஓட்டுப் போட்டுட்டாரா உங்க மாமா?”

“போட்டாச்சு” என்றார் அண்ணன். உள்ளே போய்க் கருவிப் பெட்டியைத் தூக்கி வந்து கூடத்தில் வைத்தார். குறடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினார். “அடுப்பை அணைச்சிட்டு வந்து இப்படி உக்காரு. ஒரு விஷயம் சொல்லணும். பயப்படாத, நல்ல விஷயம்தான்.”