இரண்டு முறை தலை போனவள்

அப்போது ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். ஞாயிறு மதியங்களில் எங்கள் டிசைன் இன்ஜினியரின் வாடகை வீட்டில் நான்கு பேர் கூடி ஒரு விளையாட்டு ஆடுவோம். மதுரைக்காரரான அவர் பெங்களூரு நண்பர்களிடம் கற்றுக்கொண்டு வந்தது. பழைய ஜப்பானின் சாமுராய் குலங்களோடு மந்திரமும் டிராகனும் சேர்ந்த ஒரு கற்பனை நாடு. அவர் கதையை நடத்துவார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம், பகடை உருட்டுவோம்.

பிறப்பைக்கூடப் பகடைதான் முடிவு செய்தது. மற்ற இருவருக்கும் வாள் பிடிக்கும் குலம். எனக்கு விழுந்தது உழவர் வீடு. முதல் காட்சியிலேயே பிரபுவின் பல்லக்கு வந்தது.

"நெத்தி மண்ணுல படக் குனியணும்," என்றார் இன்ஜினியர்.

"குனிய மாட்டேன்."

"விளையாட்டுதானேம்மா. அந்தக் காலத்து ஜப்பான்ல அப்படித்தான் இருந்துச்சு."

"டிராகனும் இருந்துச்சா சார்?"

எங்களோடு ஆடிய, அசெம்பிளியில் வேலை செய்த தளி ஊர்க்காரப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. விதிப்படி என் தலை போனது.

கெலவரப்பள்ளிப் பக்கம், நிலக்காரர் வீட்டு வாசலில் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதை அங்கே சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்பட்டு விதியைத் தளர்த்தியிருப்பார். எனக்குப் பரிதாபம் தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் செத்தவளின் தங்கையாக வந்தேன். அவளும் குனியவில்லை, அவள் தலையும் போனது. மூன்றாம் வாரம் அவர்களின் அம்மா. இம்முறை வெட்டும் உத்தரவு தளிக்காரியின் வீரனுக்கு வந்தது.

"என்னால ஆகாது சார். வாளைக் கீழ வெச்சிட்டேன்."

"குலத்தை விட்டே தள்ளிடுவாங்க!"

"தள்ளட்டும். இந்தம்மா வீட்டுல போய் இருந்துக்கறேன்."

அவர் புத்தகத்தை மூடினார். "இப்படி ஆடுனா இது சாமுராய் கேமே இல்ல."

"இல்லன்னா போகட்டும்" என்று நானும் தளிக்காரியும் எழுந்து வந்தோம். அன்று போல் நான் நிமிர்ந்து நடந்ததில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். அவள் தங்கியிருந்த லேடீஸ் ஹாஸ்டலின் பார்வையாளர் அறையில் உட்கார்ந்து எங்கள் விதிகளை எழுதினோம். பிறப்புக்குப் பகடை கிடையாது. எந்தக் குலம், எந்தத் தொழில் என்பதை அவரவரே சொல்லலாம். ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். கன்னடத்தில் ஒருத்தி சவால் விடுவாள், தெலுங்கில் ஒருத்தி வாள் உருவுவாள்.

மழைக்காலத்தில் இன்ஜினியர் வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "கதைய யார் நடத்தறது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்," என்றேன்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.