இது என்ன பாடம்?

ஆவாரம்பட்டை ஊறும் வாசனை... ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து காற்று எங்கள் பக்கம் திரும்பினால் போதும், பள்ளிக்கூட ஜன்னலையெல்லாம் சாத்திவிடுவோம்.

ரஞ்சிதம் டீச்சர் மட்டும் அந்த வாசனையை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தாள்!

நான் அங்கே கணக்கு டீச்சர். இருவருக்கும் ஒரே அறை, ஒரே விளக்கு. வெள்ளைத் துணியைப் பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பாள். துருப்பிடித்த லாடத்தை வெல்லத் தண்ணீரில் போட்டுக் கறுப்பு மை எடுப்பாள். அந்த மையால் பாலாறு, பனைமரம், ஜட்கா வண்டி என்று வரைந்து, மீதியை ஊசி நூலால் முடிப்பாள். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தாள். தூரிகை எங்கே நின்றது, ஊசி எங்கே தொடங்கியது என்று எனக்குக் கடைசிவரை தெரிந்ததில்லை.

அதுவே வினையாகிப் போனது. டிராயிங் மாஸ்டர் அதைத் தையல் என்றார். தையல் டீச்சர் அதைச் சித்திரம் என்றார். எந்தப் பாடத்திலும் சேராதவளுக்கு எதற்கு வேலை என்று பள்ளிக்கூட மேனேஜர் முணுமுணுத்தார். பட்டணத்திலிருந்து வரும் இன்ஸ்பெக்டரம்மா சொல்வதுதான் முடிவு என்றாகிவிட்டது. முந்தின நாள் ரஞ்சிதம் சோற்றைத் தொடவே இல்லை.

"டிராயிங்னு சொன்னாலும் வேலை போச்சு, தையல்னு சொன்னாலும் போச்சு, ரெண்டுக்கும்தான் ஆள் இருக்குதே. நான் இன்னாடி சொல்றது?" என்றாள்.

இன்ஸ்பெக்டரம்மா வந்தார். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்வரிசைப் பெண்ணிடம், "இது என்ன பாடம்?" என்று கேட்டார்.

அவள் அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை. யோசிக்காமல் எழுந்து சொன்னாள்: "ஆவாரம்பட்டைப் பாடம்மா. நல்லா ஊறிப்போச்சு, இனிமே கெடாது."

எனக்கு உயிரே போய்விட்டது. தோலைப் பட்டையில் ஊறவைத்துப் பதமாக்குவதை இங்கே 'பாடம் பண்ணுவது' என்பார்கள் என்று நான்தான் தட்டுத்தடுமாறி விளக்கினேன். அந்த அம்மாள் துணியை மூக்கருகே கொண்டுபோனார்... சிரித்துவிட்டார். அந்தப் பாடமே நடக்கட்டும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ரஞ்சிதம் என் பங்குச் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

இப்போது ஷாப்புகளில் ஏதோ மருந்துத் தண்ணீர் வந்துவிட்டது. வாசனையே வேறு. ரஞ்சிதமும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவள் கொடுத்த துணி ஒன்று என் பெட்டியில் இருக்கிறது. நூல் வெளுத்துவிட்டது. மழைநாளில் பெட்டியைத் திறந்தால் லேசாக அதே ஆவாரம்பட்டை வாசனை...

இப்போதும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன். அது வெளியே போய்விடக் கூடாதே என்று.