இரண்டு தலைப் பிளீசியோசார்

ஜூன் 12, வியாழக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஐந்து நாற்பதுக்குப் பால் வாங்கினேன். ஆறு மணிக்குச் சர்வதீர்த்தக் குளம்வரை நடை. பத்து ஐந்துக்கு வங்கி, ஒரே ஒரு முத்திரைக்காக.

முத்திரை மையின் வாசனை என்னை எப்போதும் ஓர் அச்சகத்துக்குள் தள்ளிவிடும். உங்களுக்கும் அப்படி ஒரு வாசனை இருக்கக்கூடும். உங்களுடையது இவ்வளவு அவமானகரமாக இருக்காது என்று நம்புகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது, தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். கண்காட்சிக்காகப் பிள்ளைகளுக்குப் பதினாறு பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதினேன், டைனோசர் காலத்துக் கடல் ஊர்வனவற்றைப் பற்றி. ‘இவை மீன்கள் அல்ல, டைனோசர்களும் அல்ல. நுரையீரலால் மூச்சுவிட்டவை. ஆகவே நீருக்கு மேலே வந்தே தீர வேண்டும்’ என்று எழுதிவிட்டு, அவற்றுக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்பதுபோல இரண்டு நாள் திரிந்தேன்.

அவற்றில் ஒன்றான நீண்ட கழுத்துப் பிளீசியோசாரின் படத்தைத் தேவராஜ் அண்ணன் வரைந்தார். பட்டுப்புடவைக்குக் கட்டம் போட்ட தாளில் டிசைன் போடுபவர். தலை, கழுத்து, பாதி உடம்பு, முன்துடுப்பு இரண்டு. அத்தோடு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

“மீதி?”

“பாதி போட்டாப் போதும்பா. மறுபாதி தானா வந்துரும். புடவைக்கு அப்டித்தானே?”

வந்துவிட்டது. அச்சகத்துக்காரர் அதே பாதியைத் திருப்பி ஒட்டினார். இரு முனையிலும் தலை, துடுப்பு சரியாக நான்கு. ஊரில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பாதிப் பேரின் முந்தானையில் இருதலைப்பட்சி பறக்கும் ஊர் இது. நானோ மெய்ப்பை மூன்று முறை படித்து, ஏழு காற்புள்ளிகளைத் திருத்தினேன். படத்தைப் பார்ப்பது எழுத்தாளனின் வேலையா என்ன?

எட்டாம் வகுப்பு மேகலா படத்தைப் பார்த்தாள். பள்ளிகளுக்கிடையிலான வினாடி வினாவில், “நாலு துடுப்பு, ரெண்டு தல” என்றாள். அரங்கமே சிரித்தது. பரிசு போயிற்று. அழுதுகொண்டே வந்தாள்.

“உங்க புக்குல ரெண்டுதானே சார் இருக்குது?”

பிழையை அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தேன். இருந்தாலும், “கேள்வி கேட்டவங்க பழைய புஸ்தகம் படிச்சிருப்பாங்கம்மா” என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைவிடக் கச்சிதமாக ஒரு பொய்யை நான் பிறகு சொன்னதில்லை.

“சார்!”

வங்கி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினாள். மேகலாவேதான். பக்கத்துக் கிராமமான தாமலில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாளாம்.

“எம்பொண்ணு சனிக்கெழம வினாடி வினாவுக்குப் போறா சார். உங்க ரெண்டு தலயச் சொல்லி வெச்சிருக்கேன். நெட்ல ஒண்ணுதான் போட்டுக்கீதுன்னு சண்ட போட்டுக்கினு இருக்கா. நெட்ல ஆயிரம் வரும்டி, எங்க சார் பொய் சொல்ல மாட்டாருன்னேன்.”

நான் என்ன சொன்னேன் என்கிறீர்கள்? “நல்லாப் படிக்கச் சொல்லும்மா” என்றேன். அனுபவம் மனிதனை எவ்வளவு உயர்த்துகிறது! அவள் கைபேசி எண்ணை மட்டும் குறித்துக்கொண்டேன்.

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். பள்ளி கல்யாண மண்டபமாகிவிட்டது. தேவராஜ் அண்ணன் போய்ச் சேர்ந்தார். மிச்சப் பிரதிகளைப் பழைய பேப்பர்காரரிடம் நானே போட்டேன். ஒரு தவறு இவ்வளவு ஒழுங்காக மறைந்துபோனதைப் பாராட்டி உறங்கியிருப்பேன், அது தாமலில் ஒரு வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று தெரியாமல் இருந்தால்.

ஜூன் 13, வெள்ளி. ஐந்து பத்துக்கு எழுந்தேன். பால் வாங்கப் போகவில்லை. ஆறு மணிவரை பொறுத்திருந்து மேகலாவை அழைத்தேன்.

“அதுக்கு ஒரு தலதாம்மா. படம் தப்பு. அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

குக்கர் அடுப்பை அவள் அணைக்கும் சத்தம் கேட்டது.

“அப்புறம் ஏன் சார் அப்டிச் சொன்னீங்க?”

“பயந்துட்டேம்மா.”

“இந்தாடி, சார் பேசறாரு. நீயே கேட்டுக்கோ” என்பது தூரமாகக் கேட்டது.

“அப்ப அந்தப் பக்கம் என்னா சார் இருந்துச்சு?” என்றது ஒரு சின்னக் குரல்.

“வால். குட்டை வால்” என்றேன்.