பகலில் சாத்திய கதவு

என் தங்கை பானுமதி நெம்மேலிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவள் அவள் ஒருத்திதான். இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

ஊசி, சர்க்கரைப் பரிசோதனை மட்டும் போதாது, மனநலமும் நர்சுகளே பார்க்க வேண்டும் என்று போன வருடம் செங்கல்பட்டில் பயிற்சி வைத்தார்கள். நோயாளியிடம் தனியாகப் பேச வேண்டும். சாகத் தோன்றுகிறதா என்று சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இதையெல்லாம் என்னிடம்தான் ஒத்திகை பார்த்தாள்.

"அக்கா, உனக்கு செத்துடலாம்னு தோணுதா?"

"ஏன்டி, கொழம்பு அவ்ளோ மோசமாவா கீது?"

சிரித்துவிட்டாள். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.

பயிற்சிக்குப் பின் அவள் முதலில் கண்டுபிடித்தது சம்பூர்ணத்தை. கடலோரக் குப்பத்து மீனவர் மாயவனின் மனைவி. பிள்ளை பெற்ற பிறகு தூக்கமில்லை, பிள்ளையைத் தூக்குவதுமில்லை. மாமியார் அமிர்தவல்லி அதைத் திமிர் என்றாள். பானு, கற்றுக்கொடுத்தபடியே, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். வாயே திறக்காத பெண் அழுதாள்.

"நான் இல்லாட்டி கொயந்த நல்லா இருக்கும் சிஸ்டர்."

பானு அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஆமாம் என்று பதில் வந்தது. டாக்டரிடம் அழைத்துப்போய் மாத்திரை வாங்கிக்கொடுத்தாள். வாராவாரம் போனாள். ஒரு நாள் சம்பூர்ணம் பிள்ளையைத் தானே தூக்கிப் பால் கொடுத்தாள் என்று வீட்டுக்கு வந்து சொன்னபோது பானுவுக்கு முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

ஆனால் அந்தக் குப்பத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. வெளியே சொல்லக்கூடாத காரியம் நடந்தால்தான் சாத்துவார்கள். உள்ளே நர்ஸ், வெளியே சாத்திய கதவு. கரு கலைக்கிறார்கள் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. அடுத்த முறை அமிர்தவல்லி வாசலிலேயே மறித்தாள்.

"பகல்ல கதவ சாத்திகினு இன்னா ரகசியம்? ஊரே சிரிக்குது."

"அப்டின்னா தொறந்தே வச்சிப் பேசறேம்மா."

திறந்த வாசலில் உட்கார்ந்தார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. சம்பூர்ணம் தலை நிமிரவில்லை.

"நான் நல்லா கீறேன் சிஸ்டர்."

"கேட்டுகினியா? எங்க வூட்டுப் பொண்ண நாங்க பாத்துக்கறோம். பைத்தியக்கார மாத்திரையும் வாணாம், நீயும் வாணாம். போம்மா."

பானு மாயவனுக்குப் போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. மேலிடத்தில் சொன்னாள், குடும்பம் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்றார்கள். மீறிப் போனால் அந்தப் பெண்ணுக்குத்தான் ஏச்சு என்று பயந்து அவளும் ஒதுங்கினாள்.

ஆடி மாதத்தில் சம்பூர்ணம் செத்துப்போனாள். எப்படி என்று எழுத எனக்கு மனமில்லை.

துக்கத்துக்கு நானும் கூடப் போனேன். அடிக்க வருவார்களோ என்று பயந்தேன். அமிர்தவல்லி, மடியில் பிள்ளையோடு, பானுவை நிமிர்ந்து பார்த்தாள்.

"போன்னா போய்டறதா? நாங்க ஒண்ணும் தெரியாத ஜனங்க. நீ படிச்சவதான? இன்னொரு தபா வந்து சண்ட போட்டிருக்கலாமே, நர்சம்மா!"

 

திரும்பும்போது பஸ்ஸில், "அந்தம்மா சொன்னது சரிதான்க்கா" என்றாள் பானு. இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன்.

இப்போது படாளம் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் குப்பத்துக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ் யாரும் இன்னும் வரவில்லை.