அறைவீட்டின் பொய் யன்னல்

பேய்க் கதை சொல்ல வருகிறவர்களைப் பகிடி பண்ணியே விரட்டுகிற ஆள் நான். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால் இன்னும் சிரித்திருப்பீர்கள்.

ஊரில் சண்டை முடிந்த வருஷம், நவம்பர். என் தம்பி யூட் வன்னியில் காணாமற்போய் ஆறு மாதம். நவம்பர் பூசைகளில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள் அல்லவா, அந்தப் பட்டியலில் அவனையும் சேர்த்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். டெலிபோன் அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து பாய்ந்து எடுத்துக் களைத்துப்போயிருந்தேன், அதுதான் உண்மை. மனைவி றீற்றா விடவில்லை.

"உங்கடை தம்பியை நீங்களே சாகக் குடுக்கப் போறியளோ?"

நான் இருப்பது கனடாவில். அவளுக்குச் சொல்லாமல், டோர்வல் பக்கம் வேலை முடிந்த பின்னேரம், சுவாமியார் தங்கும் அறைவீட்டுக்குப் போய்ப் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

மொன்றியலில் இருநூறு வருஷத்துக்கு முன் ஆங்கிலேயர் தங்கள் போதகருக்குக் கட்டி, பிறகு எங்கள் கோயில் கைக்கு வந்த ஜோர்ஜியன் பாணிக் கல்வீடு அது. நடுவில் கதவு, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு யன்னல், மேலே ஐந்து, தராசில் நிறுத்துக் கட்டியதுபோல. ஆனால் மேலே இடது கரையில் இருப்பது பொய். வெளியே சட்டமும் கண்ணாடியும் உண்டு, உள்ளே முழுச் சுவர்.

"உதுக்குள்ளாலை புகைபோக்கி போகுது, யன்னல் வைக்க ஏலாது. எண்டாலும் வெள்ளைக்காரனுக்கு ரெண்டு பக்கமும் ஒண்டுபோல இருக்கவேணுமெல்லோ," என்றார் சுவாமி.

"என்ரை பொய் முன்பல்லு மாதிரி, சுவாமி," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் நின்று கோட்டுப் பொத்தானைப் பூட்டும்போது சும்மா நிமிர்ந்தேன். நம்பினால் நம்புங்கள், அந்தப் பொய் யன்னலின் கண்ணாடி உள்பக்கமாக ஆவி படிந்து வெளுத்திருந்தது, யாரோ கிட்ட நின்று மூச்சு விட்டது மாதிரி, மற்ற நாலும் பளிச்சென்று இருந்தன, நான் பார்த்துக்கொண்டிருக்கவே நடுவில் ஒரு வட்டம் மெதுவாகத் துடைபட்டது. கை தெரியவில்லை. துடைபட்டது, அவ்வளவுதான்.

ஓடினேன். எங்கே? வீட்டுக்குள்ளேதான்! பேய்க்குப் பயந்து பேய் நிற்கிற வீட்டுக்குள்ளேயே ஓடிய ஒரே யாழ்ப்பாணத்தான் நானாகத்தான் இருப்பேன். ஈர இலையில் வழுக்கி ஒரு சப்பாத்தும் கழன்றுவிட்டது.

"யூட்டின்ரை பேரை வெட்டுங்கோ சுவாமி! மூச்சு விடுறான், உடனை வெட்டுங்கோ!"

"என்னப்பா, இப்பதானே எழுதினனீர்?"

நான் கண்டதைச் சொல்ல, பெயரை வெட்டிவிட்டு என்னை மேலே கூட்டிப்போனார். சுவரைத் தட்டினேன், கல். காதை வைத்தேன், கல்.

"பழங் கண்ணாடி, ஈரம் பிடிக்கும்," என்றார்.

"ஓம், துடைச்சது ஆர் சுவாமி?"

அவரும் குனிந்து சுவரில் காதை வைத்தார்.

யூட்டைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. உயிரோடு இருப்பவர்களுக்கான பூசையில் அவன் பெயரைக் கொடுக்கவும் எனக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு நவம்பரும் போய் அந்த வீட்டு முன்னால் அண்ணாந்துகொண்டு நிற்கிறேன். வெளியே ஏணி வைத்துக் கழுவியும் அந்த வெண்மை போகவில்லை. வட்டம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஆவி மூடிச் சிறுத்துக்கொண்டு வருகிறது. போன முறை, ஒரு கண் வைத்துப் பார்க்கிற அளவுக்குத்தான் இடம் இருந்தது.