வெள்ளை ரோசாக் கல்லறைகள்

நுவரெலியா பஸ் நிலையத்திலிருந்து காலை ஏழரைக்குப் புறப்பட்டேன். தலவாக்கலைக்கு நூற்று நாற்பது ரூபாய். பக்கத்து இருக்கை லிந்துலை வரை காலியாகவே வந்தது. மனைவி இறந்தபின் நான் போகும் முதல் பயணம் இது. பையை அந்த இருக்கையில் வைக்க மனம் வரவில்லை, மடியிலேயே வைத்திருந்தேன்.

ஒன்பது மணிக்குத் தலவாக்கலை. கடைவீதிக்குப் பின்புறம் இறங்கினால் கொத்மலை ஓயா என்ற ஆறு. கரையோரம் ஒரு சிறு பூங்கா: உட்கார நான்கு சிமெந்து வாங்குகள், ஓர் ஊஞ்சல், கத்தரித்து விட்ட சைப்பிரஸ் மரங்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வேலை நாள் என்பதால் ஒருவரும் இல்லை. ஈரமில்லாத வாங்கு ஒன்றைத் தேடி, கிடைக்காமல், நடைபாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போனேன். பழைய மயானம் அங்கேதான் இருக்கிறது. போக விரும்புவோர் பிடிப்புள்ள சப்பாத்து அணிந்து போவது நல்லது, சரிவு வழுக்கும்.

சரிவின் மேற்பகுதி வெள்ளைக்காரத் துரைமாருடையது. இரும்பு வேலி, கருங்கல், ஆங்கில எழுத்துகள். இருபத்தாறு வயதில் காய்ச்சலில் இறந்த ஒருவரின் ஊரையும் தகப்பன் பெயரையும் இன்றும் வாசிக்க முடிகிறது. வேலிக்குக் கீழே ஆறு வரைக்கும் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள். அங்கே கல் இல்லை. மண்மேடுகள், அவற்றின் தலைமாட்டில் செடிகள். பெரும்பாலும் ஒரே செடி, வெள்ளை ரோசா.

அந்த மேடுகளுக்கு நடுவே நாற்பது வயதளவில் ஒரு பெண் குடையில்லாமல் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு மேசன், மணல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சாக்கில் சுற்றிய கல் ஒன்று புல்லில் கிடந்தது. என்னைக் கண்டதும் மேசன்தான் கூப்பிட்டார்.

"சார், படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. இதுல எது பழைய செடின்னு பாத்துச் சொல்லுங்களேன். காலையில இருந்து தங்கச்சி முடிவு சொல்ல மாட்டேங்குது."

பெண்ணின் பெயர் செல்வி. குவைத்தில் வீட்டு வேலை. எட்டு வருடங்களுக்கு முன் தாயை இங்கே அடக்கம் செய்து, தலைமாட்டில் ஒரு வெள்ளை ரோசாக் குச்சியை நட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினாராம். அன்று இந்த மயானத்தில் வேறு ரோசா கிடையாது. அதை நம்பியே வேறு அடையாளம் எதுவும் வைக்கவில்லை. இப்போது தாயின் பெயரைக் கல்லில் வெட்டிக்கொண்டு வந்தால் சரிவு முழுக்க அதே பூ. அடக்கத்துக்கு வந்திருந்தவர்கள் ஆளுக்கோர் இடத்தைக் காட்டுகிறார்கள். இன்று மாலையே அவர் கொழும்புக்குப் புறப்பட வேண்டும்.

இது எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"மயானத்துச் செடிய யாரும் வீட்டுக்குக் கொண்டு போறதில்லங்க, ஆகாது," என்றார் செல்வி. "ஆனா உள்ளுக்குள்ளயே ஒடிச்சு வச்சுக்கலாம். அம்மா செடி நல்லாப் பூத்திருக்கு. அவங்கவங்க ஆளுக்கு ஒடிச்சு வச்சிட்டாங்க."

ஒவ்வொரு செடியாகக் குனிந்து அடித்தண்டின் பருமனைப் பார்த்தேன். மூன்று ஒரே அளவில் இருந்தன. அதைச் சொன்னதும் மேசன் தலையைச் சொறிந்தார்.

"தப்பாப் போச்சுன்னா வேற யாரோட அம்மா தலையிலயோ உங்கம்மா பேரு. நீ பிளேன் ஏறிடுவ. அவங்க ஆளுங்க என்னையத்தான் ஒதைப்பாங்க."

செல்வி சிரித்தார். அந்த மூன்று மேடுகளுக்கும் போய்ப் போய் நின்றார். கடைசியில் இறங்கி வந்து, நடைபாலத்திலிருந்து ஒற்றையடிப் பாதை ஏறும் இடத்தில் வெற்று நிலத்தைக் காட்டினார்.

"இங்க நடுங்கண்ணே."

"இங்க யாருமே இல்லியே."

"தெரியும். யாரு மேலயும் வேணாம். உள்ளதான எங்கயோ இருக்காங்க. வர்றவங்க பேரப் பாத்துட்டுப் போகட்டும்."

மேசன் சிமெந்து குழைத்தார். கல் சாயாமல் இருக்க நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. செல்வி கற்பூரம் ஏற்றினார். தூறலில் இரண்டு தரம் அணைந்து, மூன்றாம் தரம் பிடித்தது. கைகழுவ ஆற்றில் இறங்கியபோது என் வீட்டைப் பற்றி விசாரித்தார். மனைவி இல்லை என்றேன்.

"எங்க சார் வச்சிருக்கீங்க?"

"நாங்கள் எரிக்கிறனாங்கள். சாம்பலைக் கீரிமலைக் கடலிலை கரைச்சாச்சு."

"அப்ப தேட வேண்டியதில்ல," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஒரு மணி பஸ்ஸில் திரும்பினேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலிருந்து கீரிமலைக்கு இருபது கிலோமீற்றர்கூட இல்லை. சாம்பலைக் கரைத்த பிறகு இந்த ஒன்றரை வருடத்தில் நான் அங்கே போகவில்லை. போனாலும் கடலில் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று எனக்குத் தெரியாது.