ஊர் பார்க்கப் போகும் அக்கா

இன்று உடுமலைப்பேட்டை பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அக்கா. முன் சீட்டில் அவர் கணவர். கோவையின் இரைச்சல் போதும், சின்ன ஊர் ஒன்றில் எளிமையாக இருந்துகொள்ளலாம் என்று வாரா வாரம் ஊர் பார்க்கப் போகிறார்களாம்.

"போன வாரம் பாத்த ஊருல காத்து, தோப்பு, வாடகை எல்லாமே தோதா இருந்துச்சுங்க அம்மணி. இவதான் வேண்டாம்னுபோட்டா," என்று என்னிடம் முறையிட்டார் கணவர்.

நான் பஸ்ஸில் வாய் திறக்கிற ஆள் இல்லை. இன்று திறந்துவிட்டேன். "ஏனுங்க அக்கா?"

"போற ஊருல எல்லாம் ரெண்டு மூணு ஊட்டுல குடிக்கத் தண்ணி கேப்பேன் கண்ணு. குடுக்கறதுக்கு முன்னாடி 'நீங்க என்ன ஆளுங்க'ன்னு சாதியக் கேட்டா, திரும்பி வந்துருவேன். எம்புள்ள அந்தத் தெருவுல வெளையாடோணுமல்லோ?"

"தண்ணி குடிச்சே வயிறு ஊதிப்போச்சுங்க இவளுக்கு."

"உங்களுக்குத் தண்ணி கேக்கறதுக்கே வாய் வரலீங்களே!" என்று கணவரை மடக்கினார் அக்கா.

எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. ரூம் தேடிய வீடுகளில் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, தேறினேனா என்று காத்து நின்றிருக்கிறேன். இந்த அக்கா ஊருக்கே பரீட்சை வைக்கிறார்! அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வழியில் இறங்கிக்கொண்டார்கள். அக்கா ஒரு வீட்டுக் கேட்டைத் தட்டுவது ஜன்னலில் தெரிந்தது. கதவு திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அமைதியான, நல்ல ஊர் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். சொல்வதற்கு முன், உங்களை யாரென்று தெரியாத தெருவில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.